மறுமொழி: ‘போனஸ்’ காட்சிகளுக்குத் தமிழில் என்ன பெயர்? அவற்றுக்கு உயர்தெளிவு வேண்டுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாள்களாக இந்த இழையைப் படித்துவருகிறேன். பட வட்டோடு (டிவிடி, புளூ-ரே) சேர்ந்து வரும் உருவாக்க ஆவணப்படம், நீக்கிய காட்சிகள் போன்ற ‘போனஸ் ஃபீச்சர்ஸ்’ என்பதற்கு ஐந்து சொற்கள் வந்துவிட்டன. கூடவே, அவற்றையெல்லாம் உயர்தெளிவில் (ஹெச்.டி.) தர வேண்டுமா என்ற கேள்வியும் கிளம்பியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு பேச்சு, தனித்தனி இழையில் வைத்துக்கொள்வோம் என்று மட்டுறுத்துநர் ஐயா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன பெயர் வைக்கிறோம் என்பதிலேயே அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் முடிவாகிவிடுகிறது.

> ‘கொசுறு’ என்று வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும், அழகான சொல்.

அழகான சொல்தான். காய்கறிக்காரர் கடைசியில் பையில் போடும் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறு. அது வாடியிருக்கிறதா என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை; காசு கொடுக்காத பொருளில் குறை காண்பது முறையல்ல என்று பேசாமல் வாங்கிக்கொள்கிறோம். அந்த மனநிலையும் சொல்லோடு சேர்ந்து வட்டுக்குள் வந்துவிடும். கொசுறு என்று பெயரிட்ட பிறகு, “ஏன் மங்கலாக இருக்கிறது?” என்று கேட்க நமக்கு வாயிருக்காது. ‘இலவச இணைப்பு’ என்பதிலும் இதே சிக்கல். இரண்டு சொற்களும் விலையைச் சொல்கின்றன, பொருளைச் சொல்லவில்லை. ‘கூடுதல் அம்சங்கள்’ என்பதோ கைப்பேசிக்கும் பொருந்தும், மிக்ஸிக்கும் பொருந்தும்.

நான் முன்வைக்கும் சொல் ‘பின்னிணைப்பு’. நூல்களில் ஏற்கெனவே வழங்குகிறது. பின்னிணைப்பைக் கொசுறு என்று எந்த வாசகரும் நினைப்பதில்லை. சில ஆய்வு நூல்களை அதற்காகவே வாங்குகிறோம்.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. நியூசிலாந்தில் எடுக்கப்பட்ட ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்கள் மூன்றின் நீட்டித்த பதிப்புகளும் 2002 முதல் 2004 வரை ஆண்டுக்கு ஒன்றாக டிவிடியில் வந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு வட்டுகள்: படத்துக்கு இரண்டு, உருவாக்கத்தைச் சொல்லும் ஆவணப்படங்களுக்கு இரண்டு. அந்தப் பின்னிரண்டு வட்டுகளுக்கும் தயாரிப்பாளர்கள் வைத்த பெயருக்கு நேர்பொருள் பின்னிணைப்புகள் என்பதுதான். மூல நாவலின் கடைசிப் பகுதியில் உள்ள பின்னிணைப்புகளை நினைவூட்டும் பெயர் அது. படத்துக்கு ஒதுக்கிய அளவு வட்டையே அதன் பின்னணிக்கும் ஒதுக்கியவர்கள், ‘போனஸ்’ என்று சொல்லத் தேவையில்லாமல் போனது இயல்பே.

இனி அடுத்த கேள்வி. இதே படங்கள் 2011இல் புளூ-ரேயில் வந்தபோது பெட்டியில் பதினைந்து வட்டுகள் இருந்தன. படத்துக்கு ஆறு புளூ-ரே. மீதி ஒன்பதும் பழைய டிவிடிகளே. நம் குழுவில் ஒருவர் இதைத்தான் சுட்டிக்காட்டினார்:

> புளூ-ரே என்று சொல்லி விற்றுவிட்டு டிவிடியைக் கொடுப்பது எந்த வகையில் நியாயம்? வாங்கினால் முழுவதும் 1080 கோடுகள் வேண்டும்.

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் இந்த ஆவணப்படங்களைப் பெரிய திரையில் பார்த்து மனம் கசந்தவன்தான். கவச உடை செய்யும் பகுதி ஒன்று வரும். பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக அறுத்து, ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, இரும்புச் சங்கிலிக் கவசம் போலவே ஆக்குகிறார்கள். பட்டறையில் இருப்பவர் அந்தத் துணியை உயர்த்திப் பிடிக்கும்போது நான் திரைக்கு ஓரடி அருகில் போய் நின்றேன். வளையம் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று மினுங்கியது. அவர் கையை அசைத்தபோது அதன் மேல் இல்லாத கோடுகள் நெளிந்தன. ஆயிரக்கணக்கான முறை விரல்கள் செய்த வேலை, டிவிடியின் 576 கிடைக்கோடுகளுக்குள் அடங்காமல் கரைந்துபோயிருந்தது.

ஆனாலும் அந்த ஒன்பது வட்டுகளை டிவிடியாகவே விட்டது சரியான முடிவு என்று நினைக்கிறேன். இதை விளக்கத்தான் நமக்குச் சில சொற்கள் வேண்டும்.

முதலில் ‘உயர் வரையறை’ என்ற வழக்கைக் கைவிட வேண்டும். வரையறை என்றால் இலக்கணம் வகுத்தல், எல்லை கட்டுதல். திரையில் பேசப்படுவதோ கூர்மை, துலக்கம். ‘டெஃபினிஷன்’ என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்ததால் வந்த பிழை இது. ‘உயர்தெளிவு’ போதும். ‘மீத்தெளிவு’ என்று இங்கே ஒருவர் முன்மொழிந்தார். மீக்கணினி, மீகடத்தி போன்றவற்றில் ‘மீ’ உச்சத்தைக் குறிப்பதால், அதை 3840×2160 (4கே) படத்துக்காகக் காத்துவைப்போம். டிவிடியின் அளவுக்குப் ‘பொதுத்தெளிவு’ என்கிறேன். ‘செந்தரத் தெளிவு’ வேண்டாம். ‘செம்’ என்ற அடை பாராட்டுப் போல ஒலித்து ஆளை ஏமாற்றும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் ஊர் டிவிடியில் ஒரு சட்டத்துக்கு (ஃபிரேம்) 720×576, அதாவது 4,14,720 படப்புள்ளிகள். புளூ-ரேயில் 1920×1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. அமெரிக்க டிவிடியின் 720×480 உடன் ஒப்பிட்டால் ஆறு மடங்கு. பொதுத்தெளிவில் பதிவான ஒன்றை 1080க்குப் பெரிதாக்கும்போது, ஐந்தில் நான்கு புள்ளிகளை எந்திரம் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. கேமரா அவற்றைப் பார்த்ததே இல்லை.

இந்தச் செயலுக்கு இந்த இழையில் வந்த சொல் ‘தெளிவேற்றம்’. தயவுசெய்து இதை ஏற்காதீர்கள். ஏறுவது அளவு மட்டுமே. தெளிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ‘அளவேற்றம்’ என்று சொன்னால் நடந்தது நடந்தபடி சொல்லில் நிற்கும். நாளைக்கு ஒரு வட்டின் உறையில் ‘தெளிவேற்றிய ஆவணப்படம்’ என்று அச்சாகிவிட்டால், பொய்க்கு நாம் சொல் கொடுத்தவர்களாவோம்.

இன்னொரு சொல்லும் வேண்டும்: ஒரு காட்சி எந்தத் தெளிவில் பதிவானதோ அது. இதற்குப் ‘பிறவித் தெளிவு’ என்று வைக்கலாமா? பிறவிக் குணம் என்பது போல. என் கருத்து முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது: பின்னிணைப்பை அதன் பிறவித் தெளிவில் கொடுங்கள். குறைக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம்.

அந்த ஆவணப்படங்கள் டிவிடிக்காகவே தயாரானவை. புளூ-ரே சந்தைக்கு வந்ததே 2006இல்தான். அவற்றை 1080க்கு அளவேற்றிப் பதித்திருந்தால், அன்றைய கருவியின் ஊகம் வட்டிலேயே உறைந்துபோயிருக்கும். குறிப்பாக, பழைய காணொளி ஒற்றைக் கோடுகளை ஒரு முறையும் இரட்டைக் கோடுகளை ஒரு முறையும் மாற்றி மாற்றிப் பதிவது. அதை முழுச் சட்டமாகச் சேர்ப்பதில் கவனக்குறைவு நேர்ந்தால், அசையும் கையின் விளிம்பில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் நிற்கும். பதிந்த பிறகு அதை நீக்குவது பெரும்பாடு. மூலத்தை அப்படியே விட்டால், பிறகு வரும் மேம்பட்ட வட்டு இயக்கி தன் திறமைக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அங்கே உயர்தெளிவு கொடுக்காமல் இருப்பது பெரிய தவறு. ‘அபோகலிப்ஸ் நௌ’ படப்பிடிப்பைப் பற்றிய 1991ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் வரும், இயக்குநரின் மனைவி எலினார் கப்போலா பிலிப்பைன்ஸில் எடுத்த காட்சிகள் 16 மி.மீ. பிலிமில் உள்ளவை. பிலிம் இருக்கும்வரை அதை மறுபடி ஸ்கேன் செய்து, டிவிடியில் வராத விவரத்தை வெளியே எடுக்கலாம். ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் கதை இதைவிடத் தெளிவானது. 1987 முதல் 1994 வரை அதை 35 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள், தொகுத்ததோ காணொளி நாடாவில். ஒளிபரப்பான வடிவத்தில் நாடாவின் தெளிவு மட்டுமே இருந்தது. 2012 முதல் 2014 வரை வெளியான புளூ-ரேக்காக மூல பிலிம் சுருள்களுக்கே திரும்பிப் போய், ஸ்கேன் செய்து, அத்தனை அத்தியாயங்களையும் புதிதாகத் தொகுத்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் நாடாவின் தெளிவைப் பிறவித் தெளிவு என்று சொல்ல முடியாது. முதல் கேமராவுக்குள் ஓடியது எதுவோ அதைத்தான் இந்தச் சொல் குறிக்க வேண்டும். வரையறை எழுதும்போது இதை மறக்காமல் சேர்க்க வேண்டுகிறேன்.

பின்னிணைப்பில் உயர்தெளிவு மிக அவசியமான இடம், யாரும் கவலைப்படாத ஓர் இடம்: அசையாப் படங்கள். உடை வரைவுகள், காட்சிக் கட்டங்கள் (ஸ்டோரிபோர்டு), திரைக்கதைத் தாள்கள். நேற்று இரவு ஒரு சோதனை செய்தேன். ஒரு தாளில் நாற்பத்தைந்து வரிகள் தமிழில் தட்டச்சு செய்து, ஸ்கேன் செய்து, முழுப் பக்கமும் 576 கோடுகளுக்குள் அடங்கும்படி சுருக்கினேன். ஒரு வரிக்குப் பதின்மூன்று கோடுகூடக் கிடைக்கவில்லை. இடைவெளியும் மேல்விலங்கும் கீழ்வளைவும் போக எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது ஐந்தாறு. புள்ளிக்கு ஒன்று. கோப்பின் அளவைக் குறைக்கக் கொஞ்சம் அமுக்கியதும் அந்த ஒன்றும் மறைந்தது. ‘கட்டம்’ என்று அடித்தது ‘கடடம’ என்று நின்றது. அதே தாளை 1080 கோடுகளில் வைத்தேன். வரிக்கு இருபத்துநான்கு. புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. தாளைப் படமெடுக்கும் ஸ்கேனருக்கு உயர்தெளிவு ஒரு பாரமே இல்லை. வட்டிலும் நூறு அசையாப் படங்கள் பிடிக்கும் இடம் மிகக் குறைவு. இவற்றைப் பொதுத்தெளிவில் தருவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இடப்பற்றாக்குறை என்ற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரட்டை அடுக்கு புளூ-ரேயில் 50 ஜிபி. இரண்டு மணி நேரப் படத்தை நொடிக்கு 30 மெகாபிட் வீதம் பதித்தால் 27 ஜிபி ஆகும். ஒலித்தடங்களுக்கு ஐந்து ஜிபி என்று வைத்தாலும் பதினெட்டு மிச்சம். ஒன்றரை மணி நேர ஆவணப்படம் 20 மெகாபிட் வீதத்தில் 13.5 ஜிபி. தாராளமாக அடங்கும். மூன்று, நான்கு மணி நேரப் படமாக இருந்தால்தான் நெருக்கடி வரும்; அப்போது இன்னொரு வட்டு வைக்க வேண்டும், படத்தின் வீதத்தில் கைவைக்கக் கூடாது.

படம் ஓடும்போதே அதைப் பற்றி ஒருவர் பேசும் உரைத்தடத்துக்குப் படமே தனியாக வேண்டாம். 1984இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 1933ஆம் ஆண்டு ‘கிங் காங்’ படத்தை, டிவிடிக்கு முந்தைய லேசர் வட்டில் வெளியிட்டபோது, திரைப்பட வரலாற்றாளர் ரொனால்ட் ஹேவர் படம் ஓட ஓட இன்னொரு ஒலித்தடத்தில் பேசினார். ‘வர்ணனை’ என்று இங்கே சிலர் எழுதினார்கள். அது கிரிக்கெட் ஆட்டத்துக்கு உரியது. மூலத்தை வரிவரியாகப் பிடித்துக்கொண்டு பொருள் சொல்வதற்குத் தமிழில் ‘உரை’ என்று ஒரு நீண்ட மரபே இருக்கிறது. படத்தோடு உடன் ஓடுவதால் ‘உடனுரை’.

மற்றவை சுருக்கமாக. உருவாக்கப் படத்துக்குத் ‘துணைப்படம்’. ‘உடன்படம்’ வேண்டாம், உடன்படுதலோடு குழம்பும். வெட்டியவற்றுக்கு ‘நீக்கிய காட்சிகள்’. ‘முன்னோட்டம்’ நிலைத்துவிட்டது. ஒளிப்படங்களின் வரிசைக்கு ‘நிழற்படத் தொகை’ என்க. ‘படத்தொகுப்பு’ என்றால் எடிட்டிங் என்று எடுத்துக்கொள்வார்கள். குறுந்தகடா, இறுவட்டா என்ற தமிழக, இலங்கை வேறுபாட்டில் நான் தலையிடவில்லை. ‘வட்டு’ இரு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பதால் இந்த மடல் முழுவதும் அதையே எழுதியிருக்கிறேன்.

ஒற்றை, இரட்டைக் கோடுகளை மாற்றி மாற்றிப் பதியும் முறைக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் கிடைக்கவில்லை. ‘இடைப்பின்னல்’ என்று எழுதிப் பார்த்தேன். சடை நினைவுதான் வருகிறது. தறி ஓட்டிய குடும்பத்தவர் குழுவில் யாரேனும் இருந்தால், ஊடும் பாவும் மாறி மாறி வருவதற்குப் பட்டறையில் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.