“உச்சப்பட்டியில எங்க?”

உச்சப்பட்டிக்காரன்:
நான் பிறந்தது மதுரை அரசு ஆஸ்பத்திரியில். ஆனால் சட்டப்படி வெளிநாட்டான். 1987 ஜூலை 1-லிருந்து இந்தியாவில் பிறந்தவருக்கு, அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. எங்கள் வீட்டில் இருவருமே 1990-இல் இலங்கையின் மன்னாரிலிருந்து அகதிகளாகப் படகேறி வந்தவர்கள். வந்து இறங்கியபோது சோறு போட்ட சனங்களே 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலையான பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பார் அப்பா.

எனக்குப் பெயிண்டிங் வேலை. திருநகரில் ஒரு வீட்டில் பட்டி பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டம்மா டீ கொடுத்துவிட்டு, “எந்த ஊருப்பா?” என்றார்.

“உச்சப்பட்டிம்மா.”

“உச்சப்பட்டியில எங்க?”

“முகாம்.”

அதோடு பேச்சு நின்றது. மறுநாள் பீரோ இருந்த அறைக்குப் பூட்டு. அவர் மகன் நாற்காலியைப் போட்டு எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “சிலோன் ஆளுங்கன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்று மேஸ்திரியிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. பிரைமர் அடித்து முடிக்கும்வரை நான் ஏணியை விட்டு இறங்கவில்லை. கூலியில் குறை வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பூட்டு இன்னும் மனசை அறுக்கிறது.

2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. அதில் எனக்கு மனதார சந்தோஷம்தான். ஊர்க்காரர்களின் பார்வைதான் இன்னும் மாறவில்லை.

மேலூர் தம்பி:
அண்ணே, நான் வேலைக்குப் போன சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி. ரயில் நிலையப் பலகையில் தமிழைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்த எனக்கு, வாடகைக்கு அறை தேடியபோது ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்ற விளம்பரங்கள்தான் கண்ணில் பட்டன. மசாலா வாசனை சுவரில் ஏறிவிடுமாம். சமைக்கவே மாட்டேன் என்று கெஞ்சியும் ஒருவர் போனை வைத்துவிட்டார். ஆனால் எனக்கு வேலை முடிந்தால் திரும்பி வர மேலூர் இருந்தது. பிறந்த ஊரிலேயே இப்படி என்றால் எங்கே போவது? படித்துவிட்டு மனசே ஆறவில்லை அண்ணே.

ஒத்தக்கடை அக்கா:
தம்பி, மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம்தான் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். உனக்கு அது பொருந்தாது, தெரியும். ஆனால் உங்கள் முகாமில் 1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்தவர்கள் இருந்தால், பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்து வைக்கச் சொல்.