வேர்டில்: கடைசி நான்கு எழுத்தும் பச்சை, முதல் எழுத்து மட்டும் சிக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். நானும் அண்ணன் மகளும் தினமும் சேர்ந்து வேர்டில் ஆடுகிறோம். மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை, எழுத்து இருந்து இடம் தவறென்றால் மஞ்சள், சொல்லிலேயே இல்லையென்றால் சாம்பல். பெரும்பாலும் சமாளித்துவிடுகிறோம். ஆனால் சில சொற்களில் இரண்டாவது வரியிலேயே நான்கு கட்டம் பச்சையாகியும் தோற்றுப்போகிறோம். பயிற்சிக்காக ஆடிய ஒரு ஆட்டத்தை அப்படியே தருகிறேன்.

முதல் வரி ஸ்டேர் (எஸ், டி, ஏ, ஆர், இ). டி மட்டும் மஞ்சள், மற்றதெல்லாம் சாம்பல். இரண்டாவது நைட் (என், ஐ, ஜி, எச், டி). என் சாம்பல், மீதி நான்கும் பச்சை. அப்புறம் லைட், ஃபைட், டைட், கடைசியாக டபிள்யூவில் தொடங்கும் வைட். எதுவும் இல்லை. விடை எம்மில் தொடங்கும் மைட்!

இது வெறும் அதிர்ஷ்டம்தானா, இல்லை ஏதாவது வழி இருக்கிறதா?

பதில் 1:
வழி இருக்கிறது அக்கா. இரண்டாவது வரி முடிந்ததும் நிறுத்தி, முதல் கட்டத்தில் எந்தெந்த எழுத்து வரலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எஸ், ஆர், இ, என் நான்கும் ஏற்கெனவே போய்விட்டன. மிச்சம் எஃப், எல், எம், டி, டபிள்யூ. அரிதாக பி-யும் வரலாம். ‘கிரேட் ஆஸ்திரேலியன் பைட்’ என்று வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள், கடற்கரை உள்வாங்கி வளைந்திருக்கும் இடத்துக்கான சொல் அது. டி ஏற்கெனவே கடைசியில் பச்சையாக இருப்பதால், முதலிலும் இன்னொரு டி வரலாம் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்கவில்லை, நல்லது.

ஆக மீதம் ஆறு சொல், நான்கு வரி. ஒவ்வொன்றாகப் போட்டால் ஒரு வரிக்கு ஒரு எழுத்துதான் கழியும். அதற்குப் பதில் மூன்றாவது வரியில் ஃபில்மி (எஃப், ஐ, எல், எம், ஒய்) போடுங்கள். அது விடையாக இருக்கவே முடியாது, தெரிந்தேதான் போடுகிறோம். எஃப் பச்சையானால் ஃபைட். எல் மஞ்சளானால் லைட். எம் மஞ்சளானால் மைட். மூன்றும் சாம்பல் என்றால் மிச்சமிருப்பது டி, டபிள்யூ, பி. அதற்கு மூன்று வரி கையில் இருக்கிறது. உங்கள் ஆட்டம் நான்காவது வரியில் முடிந்திருக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அகராதியைப் புரட்டினால் இதே முடிவில் இன்னும் ஓரிரு பழஞ்சொல் கிடைக்கும், அவற்றை நினைத்துப் பயப்பட வேண்டாம். வேர்டிலில் இரண்டு பட்டியல் உண்டு. ஜாஷ் வார்டில் இதை உருவாக்கியபோது ஆங்கிலத்தின் சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து பழக்கமானவற்றை அவருடைய துணைவி பிரித்தெடுத்தார், சுமார் 2,500 தேறின. விடை வருவது அந்தச் சின்னப் பட்டியலிலிருந்து. ஊகமாகப் போட மட்டும் பெரிய பட்டியல் முழுவதும் செல்லும். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய பிறகு அந்தச் சின்னப் பட்டியலில் சில மாற்றங்கள் செய்தார்கள், ஆனாலும் விடை பழக்கமான சொல்லாகத்தான் வரும். அதனால் சோதனைக்குப் போடும் சொல் எவ்வளவு விநோதமாக இருந்தாலும் பரவாயில்லை, விடையை அன்றாடச் சொற்களில் தேடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஃபில்மி போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை! ஜி, எச், டி மூன்றையும் பயன்படுத்தச் சொல்கிறது. அண்ணன் மகள் ஹார்டு மோடு போட்டு வைத்திருக்கிறாள். அதை எடுக்கவும் விட மாட்டேன் என்கிறாள்.

பதில் 1:
அட, அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஹார்டு மோடில் பச்சை அதே இடத்தில் நிற்க வேண்டும், மஞ்சள் எழுத்து எங்காவது வந்தாக வேண்டும். நான்கு பச்சை விழுந்துவிட்டால் வேறு வழியே கிடையாது, ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். அதனால் யோசிக்க வேண்டிய இடம் இரண்டாவது வரி. டி மட்டும் மஞ்சளாக இருக்கும்போதே நைட் என்ற குடும்பத்துக்குள் நுழையாதீர்கள். அன்லிட் (யூ, என், எல், ஐ, டி) போட்டால் விதி மீறாமல் என், எல் இரண்டும் ஒரே வரியில் சோதனையாகிவிடும். உங்கள் ஆட்டத்தில் டி பச்சை, ஐ மஞ்சள், மற்றது சாம்பல் என்று வந்திருக்கும். அந்தக் குடும்பத்தில் எஃப், எம், டி, டபிள்யூ, பி மட்டும் நிற்கும், கையில் நான்கு வரி. பிவட், பிகட் மாதிரி வேறு சொற்களும் குறுக்கே வரும் என்பதால் உத்தரவாதம் இல்லை. ஆனாலும் நிலைமை முன்னைவிட நல்லது.

பதில் 3:
ஹார்டு மோடு இல்லாதவர்களுக்கு இன்னொரு கண்ணி: ஏ, டி, சி, எச் என்று முடியும் சொற்கள். பேட்ச், கேட்ச், ஹேட்ச், லேட்ச், மேட்ச், பி-யிலும் டபிள்யூவிலும் தொடங்குபவை என்று வரிசையாக வரும். இதற்கு கிளாம்ப் (சி, எல், ஏ, எம், பி) போல ஒன்று அமையாது. எல், எம், கடைசி பி மூன்றில் எது மஞ்சளானாலும் விடை கையில். சி-யை மட்டும் கவனித்துப் படிக்க வேண்டும்: நான்காவது இடத்தில் ஒரு சி ஏற்கெனவே இருப்பதால் முதல் கட்டத்தில் அது எப்படியும் மஞ்சளாகும், அதற்கு அர்த்தமில்லை. பச்சையானால்தான் விடை கேட்ச்.

கேட்டவர்:
பி இரண்டு தடவை வருகிறதே, குழம்புகிறது.

பதில் 3:
மன்னிக்கவும், தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. கிளாம்ப்பில் இருப்பது பேனாவின் பி. பந்துக்கு ஆங்கிலத்தில் எழுதும் பி அதில் இல்லை. எல், எம், பேனா பி மூன்றும் சாம்பலாகி சி, ஏ இரண்டு மட்டும் மஞ்சளாக வந்தால் அந்தப் பந்து பி, எச், டபிள்யூ மூன்றும் மிஞ்சும். மூன்றாவது வரியில் கிளாம்ப் போட்டிருந்தால் அவற்றுக்கும் இடம் இருக்கும். பட்டியல் எடுக்க ஒன்லுக் என்ற அகராதித் தேடல் தளத்தில் முதல் எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டு மீதி நான்கையும் தட்டுங்கள், எல்லாம் வந்துவிடும். ஆட்டத்தின் நடுவில் வேண்டாம், முடிந்த பிறகு மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.