பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சிங்கப்பூர் யூனிவர்சல்: எதுவரை மறைக்கலாம்?

தஞ்சை அம்மா:

வணக்கம். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போய் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவைக் காட்டலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. நாத்தனார் அங்கே செங்காங்கில் இருக்கிறார், அவர் வீட்டில்தான் தங்குவோம். மாமியாரும் கூட வருகிறார்.

கணவர் இத்தனை காலம் மஸ்கட்டில் வேலை பார்த்தார். இந்த வருடம்தான் ஊரோடு வந்துவிட்டார். பிள்ளைகள் வளர்ந்ததில் பாதியைப் போனில்தான் பார்த்தார் என்பதால், அந்த வாசலில் நிற்கும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறார். அதனால் கடைசி வரை சொல்லவே கூடாதாம்.

எனக்கும் ஆசைதான். ஆனால் சின்னவனுக்கு இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை. பெரியவள் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவிடுவாள். சின்னவனோ, வழக்கமான விஷயம் ஒன்று திடீரென்று மாறினாலே பயந்து அழுவான். இப்படிக் கூட்டிப் போனவர்கள் எதுவரை மறைத்தீர்கள் என்று சொல்லுங்களேன்.

மலைக்கோட்டை:

முதலில் பாஸ்போர்ட்டை முடித்துவிடுங்கள். சின்னவனைச் சேவை மையத்துக்கு நேரில் கூட்டிப் போக வேண்டும், அதை மறைக்க வழியில்லை. ‘ஆதாருக்குப் போனோமே, அது மாதிரி இதுவும் ஒன்று’ என்றால் அந்த வயதுப் பிள்ளைக்குப் போதும். பெரியவளிடம் ‘அத்தையைப் பார்க்கப் போக வேண்டாமா’ என்று சொல்லுங்கள். அது உண்மையும்தானே. அவளுடைய பாஸ்போர்ட் தேதியையும் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 வருடம்தான் செல்லும். சிங்கப்பூருக்குள் நுழையக் குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

விமான நிலையத்தில் மறைப்பது நடக்காது. திருச்சியில் பலகையிலும் அறிவிப்பிலும் சிங்கப்பூர் என்று திரும்பத் திரும்ப வரும். குடியேற்ற அதிகாரி சில நேரம் ‘எங்கே போறீங்க தம்பி’ என்று பிள்ளையிடமே பேச்சுக் கொடுப்பார். அங்கே பிள்ளை விழிக்கக் கூடாது. ஊர் பெயரையாவது முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஈசூன்வாசி:

தோழி, நான் சிங்கப்பூரில் ஈசூனில் குடியிருக்கிறேன். விடுமுறை வந்தால் ஊரிலிருந்து அண்ணன் பிள்ளைகள், அக்கா பிள்ளைகள் என்று யாராவது வருவார்கள். யூனிவர்சல் இருக்கும் செந்தோசாத் தீவுக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. அதில் எனக்குத் தோன்றியது இதுதான்: பயணத்தைச் சொல்லிவிடுங்கள், பூங்காவை மட்டும் மறையுங்கள்.

திருச்சியிலிருந்து வரும் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இறங்குகிறார்கள். காது அடைத்திருக்கும். கடிகாரம் வேறு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். எதற்காக வந்தோம் என்றே தெரியாத பிள்ளைக்கு அந்த நிலையில் எல்லாமே அந்நியமாக இருக்கும். உங்கள் சின்னவன் போன்ற பிள்ளைக்கு அது ரொம்பக் கஷ்டம். ‘அத்தை வீட்டுக்குப் போகிறோம்’ என்று இப்போதே சொல்லுங்கள். அவன் படுக்கப் போகும் அறையை நாத்தனார் வீடியோவில் காட்டட்டும். விமானத்தில் காது வலித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அவ்வளவும் தெரிந்த பிறகும் நீங்கள் மறைத்தது முழுசாக அப்படியே இருக்கும்.

வந்து இறங்கிய அன்று பூங்கா வேண்டாம். அன்று நன்றாகத் தூங்கட்டும். மறுநாள் காலை ‘கடற்கரைக்குப் போகிறோம்’ என்று கிளம்புங்கள். செந்தோசாவில் கடற்கரையும் இருக்கிறது, மாலையில் அங்கேயும் போய்விடலாம். செங்காங்கில் ஊதா நிற ரயில் பாதையில் ஏறினால் மாறவே வேண்டாம், கடைசி நிறுத்தம் ஹார்பர்ஃப்ரண்ட். வழியில்தான் லிட்டில் இந்தியா. அங்கே இறங்கித் தேக்கா உணவுக் கடைகளில் இட்லி, தோசை என்று வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். பூங்காவுக்குள் நம் பிள்ளைகள் சாப்பிடுகிற மாதிரி சைவச் சாப்பாடு தேடுவது சிரமம், விலையும் அதிகம்.

ஹார்பர்ஃப்ரண்டில் இறங்கினால் விவோசிட்டி என்ற பெரிய கடைத்தொகுதி. அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா ரயில். உள்ளே போக ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வரக் கட்டணம் இல்லை. முதல் நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்குங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பூங்கா வாசலில் யூனிவர்சல் பெயர் போட்ட அந்தப் பெரிய உருண்டை சுற்றிக்கொண்டு நிற்கும். உங்கள் கணவர் ஆசைப்படும் இடம் அதுதான். பிள்ளைகள் கையை நாத்தனார் பிடித்துக்கொண்டு வரட்டும். உங்கள் கணவர் நாலடி முன்னால் போய்த் திரும்பி நிற்கட்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது, வீடியோவை நீங்கள் எடுங்கள். எத்தனையோ அப்பாக்கள் அந்த நேரத்தைச் சின்னத் திரை வழியாகவே பார்த்துவிட்டுப் போவதை இங்கே பார்க்கிறேன். இவர் ஏற்கெனவே பல வருடம் போனில் பார்த்தவர். இதையாவது நேராகப் பார்க்கட்டும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய முக்கியமான காரியம் பிள்ளைகளின் உயரத்தை அளப்பது. வாசலில் துள்ளிய பிள்ளையை அரை மணி நேரத்தில் ‘உனக்கு உயரம் போதாது’ என்று ஒதுக்கி நிறுத்தினால் அந்தச் சந்தோஷம் அங்கேயே வடிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ. வேண்டும், ஜுராசிக் தண்ணீர்ச் சவாரிக்கு 107. இருட்டில் ஓடும் மம்மிக்கு 122, பெரிய ரோலர் கோஸ்டரான கேலக்டிகாவுக்கு 125. எது யாருக்கு என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். சின்னவனுக்கு முதலில் செசமி ஸ்ட்ரீட் சவாரி, அப்புறம் 2025-இல் திறந்த மினியன் லேண்ட். மம்மி பக்கமே அவனைக் கொண்டுபோக வேண்டாம். பெரியவள் ஏறும்போது உங்களில் ஒருவர் சின்னவனோடு வெளியே இருக்க வேண்டி வரும். இருவரும் மாறி மாறி ஏற ஏற்பாடு உண்டா என்று அந்தச் சவாரி ஊழியரிடம் கேளுங்கள், மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

காலாண்டு விடுமுறை நல்ல நேரம், இங்கே அப்போது பள்ளி நடக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து ஹாலோவீன் பேய் இரவுகள் நடக்கும். அந்த நாட்களில் பகல் டிக்கெட்காரர்களைச் சீக்கிரமே வெளியேற்றிவிடுவார்கள். அந்த இரவுகள் இல்லாத வார நாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். மத்தியானம் இடியோடு மழை வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்துவார்கள், அதனால் அவற்றைக் காலையிலேயே முடிக்க வேண்டும்.

விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் போங்கள். வருகை அட்டையை இறங்கும் நாளோடு சேர்த்து 3 நாளுக்குள் குடிநுழைவுத் துறை இணையதளத்தில் நிரப்பலாம், அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

சேலத்து அப்பா:

ஈசூன்வாசி சொன்னதில் பெரும்பகுதி சரி. சின்னவன் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு எண்ணம். மாற்றம் வந்தால் பயந்து அழும் பிள்ளையிடம் பூங்காவையும் மறைக்க வேண்டாம். கூட்டம், சத்தம், ஆளுயர பொம்மைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் அவன் மிரண்டுபோவான். என் மகளும் அப்படித்தான். அவளிடம் முன்னாலேயே சொல்லி, படம் காட்டி, காலண்டரில் தேதியைத் தினமும் அடிக்க வைத்தோம். காத்திருந்த அந்த நாட்களே அவளுக்குப் பெரிய கொண்டாட்டமாக இருந்தது. சென்னை இல்லலூர் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குத்தான் போனோம், 2025 டிசம்பரில் திறந்தார்களே அது.

அப்புறம், சவாரி என்றால் உங்கள் பிள்ளைகள் எப்படி என்று பார்த்துவிடுங்கள். அதற்கு ஊர்ப் பொருட்காட்சி ராட்டினம் போதும். ஏற மாட்டேன் என்கிற பிள்ளையை அங்கே போய்க் கட்டாயப்படுத்தாதீர்கள்.

தஞ்சை அம்மா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன். போன் விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் ‘நீயே எடு’ என்றார்.

அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்று இன்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டோம். சின்னவன் அத்தை வீட்டில் நாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். பூங்காவைப் பற்றி அவனிடம் முதல் நாள் இரவே அவன் அப்பா சொல்வார், மினியன் படத்தையும் காட்டுவார். பெரியவளுக்கு அந்த உருண்டை முன்னால்தான். அவன் காலையில் உளறிவிட்டாலும் பரவாயில்லை, தம்பி வாயால் தெரிந்தாலும் அது அவளுக்குச் சந்தோஷம்தான். உயரம் அளந்தாயிற்று: அவளுக்கு 127, அவனுக்கு 105. தண்ணீர்ச் சவாரி அவனுக்கு இல்லை என்று இப்போதே தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

இன்னும் ஒரு சந்தேகம். மாமியாருக்கு முழங்கால் வலி. அவர் நாள் முழுக்கத் தாங்குவாரா? வீட்டில் விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை.

ஈசூன்வாசி:

தாராளமாகக் கூட்டி வாருங்கள். நுழைவாயில் பக்கத்தில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், போனதும் முதலில் அதை வாங்கிவிடுங்கள். வாட்டர்வேர்ல்ட் என்று ஒரு பெரிய காட்சி உண்டு, எல்லோரும் உட்கார்ந்தே பார்க்கலாம். முன்வரிசைகளில் தண்ணீர் அடிக்கும், அதனால் அம்மாவைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். காட்சி நேரத்தை வாசலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் பெரியவளையும் அப்பாவையும் கேலக்டிகாவுக்கு அனுப்பிவிடுங்கள்.