டேன்டீ லைன் குடும்பம் (அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புக் குடும்பத்தின் குரூப்): சுதாவுக்கும் பாப்பாவுக்கும் பாஸ்போர்ட்

சுதா: எல்லாருக்கும் வணக்கம். அவருக்கு ராணுவத்திலிருந்து மாஸ்கோ தூதரகத்துக்கு போஸ்டிங் ஆர்டர் வந்துவிட்டது, குடும்பத்தோடு போகலாமாம். மூன்று மாதத்தில் கிளம்ப வேண்டும். எனக்கும் பாப்பாவுக்கும் பாஸ்போர்ட் இல்லை. குன்னூரில் ஒருத்தர் பத்தாயிரம் கொடுத்தால் தட்கலில் ஒரே வாரத்தில் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கோத்தகிரி சித்தப்பா: ரொம்ப சந்தோஷம்மா. கொடுக்காதே.

பிரவீன்: மாஸ்கோவா!!! அண்ணன் மூச்சு விடவில்லையே

கலா: எங்களுக்கு எப்போதும் குரூப்பில் வந்துதானே தெரியும்

சுதா: அண்ணி, எனக்கே இன்றைக்கு மதியம்தான் சொன்னார்

கோத்தகிரி சித்தப்பா: அதை விடுங்கள். சுதா, கவனமாகப் படி. ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன். செந்தில் அரசாங்க வேலையாகப் போகிறான், அதனால் அவனுக்கும் கூடப் போகிற பெண்டாட்டி பிள்ளைக்கும் நாமெல்லாம் எடுக்கிற நீல பாஸ்போர்ட் இல்லை, வெள்ளை அட்டை அஃபீஷியல் பாஸ்போர்ட். அதற்குக் கட்டணமே கிடையாது. ஆன்லைனில் பதிந்து, அவன் ஆபீஸிலிருந்து ஃபார்வர்டிங் லெட்டர் வைத்து அனுப்ப வேண்டும். டெல்லி பட்டியாலா ஹவுஸில் இருக்கிற வெளியுறவுத் துறை ஆபீஸ் வேலை அது, எந்த ஏஜென்டும் உள்ளே நுழைய முடியாது. அந்த ஆள் தட்கலில் நீலம் எடுத்துக் கொடுத்துவிட்டான் என்று வை, அப்புறம் வெள்ளைக்குப் போகும்போது நீலத்தை ஒப்படைத்து சரண்டர் சர்டிபிகேட் கொண்டு வா என்பார்கள். பத்தாயிரமும் போய் வேலையும் இரண்டாகும்.

சுதா: நல்ல வேளை கேட்டேன் மாமா

பிரவீன்: லைன் கீழே குழாயடியில் காட்டெருமை நிற்கிறது, ரெண்டு குட்டியோட. யாரும் இப்போது கடைக்கு இறங்க வேண்டாம்

கலா: அம்மா பால் வாங்கப் போகலாம் என்று எழுந்தார்கள், உட்கார வைத்துவிட்டேன்

கோத்தகிரி சித்தப்பா: டார்ச் அடிக்காதீர்கள், மிரளும். சுதா, உன் கல்யாண பார்ட் டூ ஆர்டரில், அதாவது செந்திலின் ராணுவப் பதிவில் கல்யாணத்தை ஏற்றிய உத்தரவில், உன் பெயர் எப்படி இருக்கிறது?

சுதா: சுதா என்று. ஆதாரில் எம். சுதா. மார்க் ஷீட்டில் சுதாமணி.

கோத்தகிரி சித்தப்பா: இதுதான் தலைவலி. வேகம் வேகம் என்று எல்லாரும் தட்கலைப் பிடித்துக்கொள்கிறார்கள், நாள் போவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இருந்தால் ஃபைல் திரும்பி வரும். முதலில் ஒரே பெயராக்கு, செந்திலிடம் சொல்லி பார்ட் டூ ஆர்டரையும் திருத்தச் சொல்.

செந்தில்: டூட்டி. இரவு பேசுகிறேன். சித்தப்பா சொல்வதுபோல் செய்

கலா: அம்மாவுக்கு எப்போது எடுப்பது?

சுதா: அத்தையும் வருகிறார்களா அண்ணி?

கலா: ஏன், வரக்கூடாதா

கோத்தகிரி சித்தப்பா: சண்டை வேண்டாம். கலா, உன் அம்மா, அதாவது என் அண்ணி, இவர்களைப் பார்த்துவரப் போகலாம், அது நீல பாஸ்போர்ட், விசா தனி. 1500 ரூபாய், அறுபது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் குறையும். ஆனால் கலா, தட்கலுக்குப் போகாதே. அண்ணி பிறந்தது இலங்கையில், இலங்கைத் தோட்டத் தமிழர்களைத் திரும்ப அழைத்த சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்தில் பதிந்து இந்தியரானவர். பதிவு வழியாகக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு தட்கல் கிடையாது, சாதாரண முறைதான். கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட்டும் இங்கே வந்து இறங்கியபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் பெட்டியில் இருக்கும், எடுத்து வை. லேமினேட் பண்ணிவிடாதே.

பிரவீன்: அந்தப் பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்திருக்கிறேன், பெரிய தாத்தா வீட்டோடது. ஒரே போட்டோவில் மொத்தக் குடும்பமும்

கோத்தகிரி சித்தப்பா: எங்களோடதும் அப்படித்தான். அம்மா நடுவில், அண்ணன் பக்கத்தில் நிற்பார், நான் மடியில். சீல் சரியாக என் கால் மேல் விழுந்திருக்கும். அந்த ஒரு புத்தகத்தில் எல்லாரும் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். இப்போது கைக்குழந்தைக்கும் தனிப் புத்தகம் வேண்டும். சுதா, பாப்பா பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா?

சுதா: இருக்கிறது மாமா. மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பிறந்ததால் வெலிங்டன் கன்டோன்மென்ட் போர்டில் வாங்கினோம். பெயர் இல்லாமல்.

கோத்தகிரி சித்தப்பா: ஏழு மாதமாகவா?

கலா: கேளுங்கள் சித்தப்பா, நன்றாகக் கேளுங்கள்

சுதா: அத்தை பேச்சியம்மாள் என்கிறார்கள். நாங்கள் நிலா என்று நினைத்தோம். பேசி முடிக்கவே இல்லை.

கோத்தகிரி சித்தப்பா: 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம், வேறு எதைக் காட்டினாலும் செல்லாது. அதில் பெயர் ஏறாமல் பாஸ்போர்ட்டும் இல்லை, பார்ட் டூ ஆர்டரும் இல்லை. போர்டிலேயே எழுதிக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு தடவை ஏறிவிட்டால் மாற்றுவது லேசு இல்லை.

பிரவீன்: நிலா பேச்சி?

கலா: அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்கள். பின்னால் வைப்பதற்கு அது வால் இல்லை என்கிறார்கள்

சுதா: பேச்சி நிலா என்று வைத்தால் அத்தைக்குச் சம்மதமா என்று கேளுங்கள் அண்ணி. எனக்குச் சரி. அவரிடமும் கேட்க வேண்டும்.

கோத்தகிரி சித்தப்பா: என் அம்மா பெயர், அதனால் நான் வாய் திறக்கவில்லை. நீங்கள் எது வைத்தாலும் எனக்குச் சந்தோஷம், சண்டை போட்டு வைக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை வெலிங்டன் போகலாம், நான் கூட வருகிறேன்.

கலா: அம்மா யோசித்துச் சொல்கிறார்களாம். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது, அதற்குப் பிறகு கிளம்புங்கள் என்கிறார்கள்

பிரவீன்: அப்படியென்றால் பாட்டி பாதி சம்மதம்

கலா: நீ சும்மா இரு

கோத்தகிரி சித்தப்பா: சுதா, மார்க் ஷீட், ஆதார் ரெண்டையும் எனக்குத் தனியாக அனுப்பு. குரூப்பில் போடாதீர்கள்.

கலா: ஐயோ, அம்மா ஆதாரை இப்போதுதான் இங்கே போட்டேன்

கோத்தகிரி சித்தப்பா: எல்லாருக்கும் டெலிட் கொடு. உடனே.