வான் எல்லை மீறல்: ரேடார் இருந்தும் ஏன் முடிவே வருவதில்லை?

கேள்வி:
2025 செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31 போர் விமானங்கள் வைண்ட்லோ தீவுப் பக்கம் தன் வான்வெளிக்குள் புகுந்து 12 நிமிடம் இருந்ததாக எஸ்டோனியா சொன்னது, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் வரைக்கும் கொண்டுபோனது. ரஷ்யாவோ எல்லைக்குள் வரவே இல்லை என்கிறது. ரேடார்தான் எல்லாரிடமும் இருக்கிறதே, அப்புறம் என்ன சர்ச்சை?

பதில் 1:
ரேடார் படத்தையும் நம்பினால்தானே. 2015 நவம்பர் 24 அன்று துருக்கி, சிரிய எல்லையில் ரஷ்யாவின் சு-24 விமானத்தைச் சுட்டு வீழ்த்தியபோது இரண்டு நாடுமே படம் வெளியிட்டன. துருக்கியின் படத்தில் விமானம் தெற்கே துருத்தி நிற்கும் துருக்கி நிலத்தைக் குறுக்கே கடக்கிறது, ரஷ்யாவின் படத்தில் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. உள்ளே இருந்ததாகத் துருக்கி சொன்ன நேரமே 17 விநாடிதான்! அதற்கு ஒரு விமானியின் உயிர் போனது, துருக்கித் தக்காளிக்குத் தடை வந்தது, 2016 ஜூனில் துருக்கி அதிபர் எர்டோகன் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் உறவு சீரானது.

பதில் 2:
பல இடங்களில் விமானம் எங்கே இருந்தது என்பதில் சண்டையே இல்லை, கோடு எங்கே என்பதில்தான். கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவிலுள்ள ஏஜியன் கடலில் கிரீஸ் தன் எல்லையைக் கடலுக்கு 6 கடல் மைல், வானுக்கு 10 என்று வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி, அதனால் இந்த ஒரு விஷயத்தில் 6-க்கு மேல் ஏற்க மாட்டேன் என்னும் துருக்கி பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 2019 ஜூலையில் இன்னும் மோசம். தென் கொரியா வசமுள்ள தோக்தோ தீவருகே வந்த ரஷ்ய ஏ-50 கண்காணிப்பு விமானத்தை விரட்டத் தென் கொரியா எச்சரிக்கைக் குண்டுகள் சுட்டது, அந்தத் தீவு தன்னுடையது என்று சொல்லும் ஜப்பான் ரஷ்யாவோடு சேர்த்துத் தென் கொரியாவையும் கண்டித்தது.

கேள்வி கேட்டவர்:
சரி, அப்படியானால் மீறிய நாட்டின் தூதரை அழைத்துக் கண்டிப்பதால் என்ன பயன்?

பதில் 3:
நிறையவே இருக்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் 3ஆவது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டின் மேல் ராணுவ விமானம் பறக்கக் கூடாது. மீறும்போது பேசாமல் இருந்தால் அதையே நாளைக்குச் சம்மதம் என்று வாதாடுவார்கள், அதனால் ஒவ்வொரு முறையும் பதிவு செய்தே ஆக வேண்டும். 2024 ஆகஸ்டில் சீனாவின் ஒய்-9 உளவு விமானம் நாகசாகி பக்கம் டான்ஜோ தீவுகளருகே சுமார் இரண்டு நிமிடம் உள்ளே வந்தது, ஜப்பான் விடாமல் விளக்கம் கேட்டது. காற்றுக் கொந்தளிப்பைத் தவிர்க்கத் திரும்பியபோது நுழைந்துவிட்டது என்று நவம்பரில் சீனாவே ஒப்புக்கொண்டது.