யொபுகோவில் கணவாய் உண்ண அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: ஃபுகுவோகாவாசி
வணக்கம். அடுத்த மாதம் ஊரிலிருந்து வரும் அம்மாவை, ஜப்பானின் சாகா மாகாணத்தில் கராட்சு நகரைச் சேர்ந்த யொபுகோ துறைமுகத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். தொட்டியில் நீந்தும் கணவாயை அப்போதே பிடித்து, துடிப்பு அடங்கும் முன்பே அறுத்துப் பரிமாறும் கடலோர உணவகங்கள் அங்கே பெயர் பெற்றவை. அம்மா மீன் விரும்பி உண்பவர்தான் என்றாலும் பச்சையாக உண்டதில்லை. முழங்கால் வலியால் தரையில் உட்காரவும் இயலாது. அவரை வற்புறுத்தியதாக ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

பதில்: கடலோரன்
தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். காலணியைக் கழற்றிவிட்டு ஏறி, தரைப்பாயில் உட்கார வேண்டிய தத்தாமி அறைகள் இருந்தாலும், நாற்காலி மேசை வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். மேசைக்கடியில் காலைத் தொங்கவிடும் பள்ளம் உள்ள இருக்கைகூட முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பரவாயில்லை. தட்டில் வரும் கணவாயின் சதை, அடியில் உள்ளது தெரியும் அளவுக்குக் கண்ணாடிபோல் இருக்கும். நேரம் ஆக ஆக அது வெளுத்துவிடும் என்பதால், பேச்சை ஒத்திவைத்துவிட்டு முதலில் உண்ணுங்கள். கடிக்கும்போது நறுக்கென்றும், மெல்ல மெல்ல இனிப்பாகவும் இருக்கும் அந்தச் சுவையை வசாபி என்னும் காரமான பச்சை விழுதும் சோயா சாறும் மூழ்கடித்துவிடாதபடி, துண்டின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொள்வது நல்லது. உடல்பகுதியை உண்டு முடித்ததும் தலையையும் கால்களையும் உள்ளே எடுத்துச் சென்று மாவில் தோய்த்து டெம்புராவாகப் பொரித்துத் தருவார்கள். உப்பிட்டுச் சுட்டுத் தரும் கடைகளும் உண்டு. அம்மாவுக்கு அதுவே மிகவும் பிடித்துப்போகலாம்.

பதில்: அலைவாய்
மேலே சொன்னவற்றோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். தட்டில் இருக்கும் கணவாயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், கால்களும் அசையும். என் அத்தை அதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று அவரால் சோறும் உண்ண முடியவில்லை. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு என்று இன்றும் வருந்துகிறேன். ஆகவே அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால், அரைத்த கணவாயோடு வெங்காயம் சேர்த்து, மெல்லிய மாவு இழைகளைப் போர்த்தி ஆவியில் வேகவைக்கும் கணவாய் ஷூமாயைக் கேளுங்கள். அதுவும் யொபுகோவின் சொந்தப் பண்டம்தான். பச்சை வாடையே இராது.

பதில்: கடலோரன்
அலைவாய் சொல்வது முற்றிலும் சரி. அதை நான் விட்டிருக்கக் கூடாது. இன்னொன்று: யொபுகோவை ஒட்டிய கெங்காய் கடல் கொந்தளித்தால் படகுகள் போகமாட்டா, கணவாயும் வராது. புறப்படும் நாள் காலையில் கடைக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நண்பகலோடு முடிந்துவிடும் காலைச் சந்தையை முதலில் பார்த்துவிட்டால், சுழலும் கம்பிகளில் கணவாய்கள் காற்றில் சுற்றிச் சுற்றி உலர்வதையும் அம்மாவுக்குக் காட்டலாம்.

ஃபுகுவோகாவாசி
இருவருக்கும் மிக்க நன்றி. இன்றிரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்கிறேன். அவர் சம்மதித்த பிறகே முன்பதிவு செய்வேன்.