கம்பாலாவில் நண்பன் வீட்டு விசேஷம்: அம்மாவோடு போகிறேன், வழி சொல்லுங்கள்

போச்சம்பள்ளிக்காரன்:
என்னோடு பெங்களூரில் படித்த உகாண்டா நண்பன், தன் தங்கையின் குவாஞ்சுலாவுக்குக் கூப்பிட்டிருக்கிறான். அம்மாவும் கட்டாயம் வரவேண்டுமாம். படிக்கிற காலத்தில் எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டவன், அதனால் மறுக்க மனம் வரவில்லை. அம்மாவுக்கு 62 வயது, கறி மீன் எதுவும் தொடமாட்டார். குவாஞ்சுலா என்பது கல்யாணமா, நிச்சயதார்த்தமா? மொய் வைக்கலாமா? என்ன உடுத்துவது, எங்கே தங்குவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்:
தம்பி, நான் கம்பாலாவில் நாலு வருஷம் வேலை பார்த்தேன், மூன்று குவாஞ்சுலாவுக்குப் போயிருக்கிறேன். லுகாண்டா மொழியில் அந்தச் சொல்லுக்கு அறிமுகப்படுத்துவது என்று பொருள். பெண், தான் கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பெற்றோருக்குக் காட்டுகிற நாள் அது. சர்ச் கல்யாணம் அப்புறம் தனியாக நடக்கும், ஆனால் கம்பாலாவைச் சுற்றியுள்ள புகாண்டா பகுதி மக்களுக்கு இதுதான் பெரிய விசேஷம்.

முற்றத்தில் எதிரெதிராகப் பந்தல் போட்டு ஒரு பக்கம் பெண் வீட்டார், மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டார் உட்காருவார்கள். இரு தரப்புக்கும் பேச்சாளர் ஒருவர் உண்டு. அவர்கள் பழமொழியும் விடுகதையுமாக மடக்கி மடக்கிப் பேசுவதிலேயே பாதி நாள் போய்விடும், மொழி புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேளுங்கள், அவ்வளவு அழகு. மாப்பிள்ளை தன் குலத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரே குலத்துக்குள் பெண் எடுக்கமாட்டார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை அடையாளம் காட்டுவது பெண்ணின் அத்தை, அதாவது அப்பாவின் கூடப்பிறந்தவள். செங்கா என்பார்கள். அவள் இல்லாமல் அங்கே எதுவும் நகராது. பெண்ணின் சகோதரனுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு சேவல் கொடுப்பார்கள், அதை உன் நண்பன் வாங்கினாலும் வாங்குவான். சேவல் கைமாறும்போது எழும் ஆரவாரத்தைக் கேட்டதும் எனக்கு நம் ஊரில் மச்சினனுக்கு மோதிரம் போடுகிற நேரம்தான் நினைவுக்கு வந்தது.

நீ பெண் வீட்டு ஆள், அதனால் கூடை கூடையாகச் சீர் கொண்டுபோகிற வேலை உனக்கு இல்லை. தங்கைக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துப் போ, அதை முந்தின நாளே வீட்டில் கொடுத்துவிடு.

அரூர் அக்கா:
உடுப்பு பற்றி நான் சொல்கிறேன். ஆண்கள் கான்சு என்ற நீள வெள்ளை அங்கி போட்டு மேலே கோட் மாட்டுவார்கள். நண்பனிடம் கேட்டால் ஒன்று ஏற்பாடு செய்துவிடுவார். பெண்கள் உடுத்துவது கோமெசி. தோள் கூராக எழும்பி, இடுப்பில் அகலமான பட்டை கட்டி, பாதம் வரைக்கும் வரும். கோவாவிலிருந்து போன கோம்ஸ் என்ற தையல்காரர் பெயரால்தான் அதற்கு அந்தப் பெயர். அம்மா பட்டுப்புடவையிலேயே வரலாம், அங்கே அதற்கு நல்ல மரியாதை. பெண்கள் பெரியவர்கள் முன் மண்டியிட்டு வணங்குவார்கள், உங்கள் அம்மா முன்னாலும் செய்வார்கள். அவர் பதறி எழுந்துவிடாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயமே வேண்டாம். மட்டோக்கே என்பது வாழைக்காயை வாழை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து மசிப்பது. கூட நிலக்கடலைக் குழம்பு ஊற்றிக்கொள்ளலாம், ஆனால் சில வீடுகளில் அதில் உலர்ந்த மீன் போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். டோடோ என்று ஒரு கீரை வரும், நம் முளைக்கீரை இனம்தான். பீன்ஸ் எப்போதும் இருக்கும். லுவோம்போ என்பது வாழை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் குழம்பு. கோழியிலும் மாட்டுக்கறியிலும் செய்வது, காளானில் செய்ததும் உண்டு.

அப்புறம் முக்கியமான ஒன்று, காலோ கேளுங்கள். கேழ்வரகு மாவில், பெரும்பாலும் மரவள்ளி மாவு கலந்து கிண்டுகிற களி அது. நாட்டின் மேற்கிலும் வடக்கிலும்தான் அதிகம், ஆனால் கம்பாலா ஓட்டல்களிலும் கிடைக்கும். கேழ்வரகு நமக்கு வந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்துதான். முதல் தடவை அதைப் பிட்டு வாயில் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, பென்னாகரத்தில் என் பாட்டி கிண்டிய களியின் வாசம் அப்படியே இருந்தது.

போச்சம்பள்ளிக்காரன்:
அக்கா, களி என்றதும் அம்மா பெட்டி எடுத்துவிட்டார்! ஓட்டல், ஊசி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்:
ஊசியை முதலில் முடி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் விசா விண்ணப்பமே நகராது, திரும்பி வரும்போதும் அது இல்லையென்றால் இங்கே 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அம்மா 60 தாண்டியவர், அந்த வயதில் இந்த ஊசிக்குப் பக்கவிளைவு அபாயம் கூடுதல், அதனால் டாக்டரைப் பார்க்காமல் போடாதே. மலேரியா மாத்திரையும் அவரிடமே கேட்டுக்கொள்.

ஓட்டலை விசேஷ வீடு எங்கே என்று கேட்டுவிட்டுப் பிடி. நான் நகர நடுவில் நல்ல அறை என்று பணம் கட்டிவிட்டேன், விசேஷமோ நகருக்கு வெளியே கிழக்கில் முகோனோ பக்கம். ஜிஞ்ஜா சாலை நெரிசலில் மாட்டி, செங்கா மாப்பிள்ளையைக் காட்டியதைப் பார்க்க முடியாமல் போனது, இன்னும் மனசு ஆறவில்லை. விமான நிலையம் எண்டெபேயில், கம்பாலாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கடைசி இரவு எண்டெபேயிலேயே தங்கினால் விக்டோரியா ஏரிக்கரையில் அம்மாவும் கொஞ்சம் நடக்கலாம்.

நேரத்தையும் கவனி. லுகாண்டாவில் மணியைக் காலை வெளிச்சத்திலிருந்து எண்ணுவார்கள், நாலு மணி என்றால் நமக்குப் பத்து மணி. அழைப்பை யாராவது வாய்மொழியாகச் சொன்னால் எந்தக் கணக்கு என்று திருப்பிக் கேள்.